மெஷின் ஓகே என்கிறார்கள், மேட்டில் ஏற முடியவில்லையே!

வாசகர் கேள்வி: எனக்கு 57 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்த்தேன். குடியிருக்கும் லயத்தில் இரண்டு தடவை நினைவில்லாமல் விழுந்தேன். முழு ஹார்ட் பிளாக் என்று சொல்லிப் பெரிய மருத்துவமனையில் இடது பக்கம், இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். 14 மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு விழவில்லை. ஆனால் ரோட்டிலிருந்து கோயில் மேட்டுக்கு ஏறும்போது பாதி வழியில் திடீரென்று கால் துவண்டுவிடுகிறது. மூச்சு வாங்குகிறது, கழுத்தில் திக்திக்கென்று அடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். கணினியைப் பார்த்துவிட்டு ‘மெஷின் ஓகே, வயசாச்சு’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கிளினிக் புத்தகத்தில் ‘டிடிடி 60–120, விபி 99%’ என்று எழுதியிருக்கிறது. வேறு டாக்டரைப் பார்க்கலாமா? மறுபடி மருந்து அடிக்கப் போகலாமா? மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்திருக்கிறான், பக்கத்து வீட்டில் தொடவே கூடாது என்கிறார்கள். சித்திரையில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா,

பேட்டரி, வயர், கருவி கொடுக்கும் மின்துடிப்பு, இந்த மூன்றும் சரியாக இருந்தால் ‘மெஷின் ஓகே’. அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது மேட்டைப் பற்றி. கருவியில் ஒரு குறையும் இல்லாமலேயே அதில் போட்டிருக்கும் அளவுகள் உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் இருக்கலாம். நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தால் அது வெளியே வராது. நீங்கள் புத்தகத்தைப் பார்த்து அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியது பெரிய உதவி.

‘டிடிடி’ என்றால் உங்களுக்கு இரண்டு வயர். ஒன்று இதயத்தின் மேல் அறையில், இன்னொன்று கீழ் அறையில். உங்கள் மேல் அறை தானாக நன்றாகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு கீழே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மேல் வயர் துடிப்பைக் கேட்கும், கருவி சற்றுப் பொறுத்துக் கீழ் அறையைத் துடிக்க வைக்கும். ‘விபி 99%’ என்பது கீழ் அறையின் 100 துடிப்பில் 99-ஐக் கருவிதான் கொடுக்கிறது என்று பொருள். 60 என்பது அடிமட்டம். 120 என்பது, மேல் அறை எவ்வளவு வேகமாக ஓடினாலும் கருவி அதைப் பின்தொடரும் உச்ச வேகம்.

மேட்டில் ஏறும்போது நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மேல் துடிப்பைக் கேட்ட பிறகு கருவி வழக்கமாக 150 முதல் 200 மில்லி செகண்ட் பொறுக்கும். கீழ் அறைக்குத் துடிப்பைக் கொடுத்த பிறகு, மேல் வயர் 250 முதல் 300 மில்லி செகண்ட் காதைப் பொத்திக்கொள்ளும். கீழ்த் துடிப்பின் எதிரொலியை மேல் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. 200-ம் 300-ம் சேர்ந்தால் 500, அதாவது அரை நொடி. நிமிடத்துக்கு 120 அரை நொடி. உங்கள் மேல் அறை 120 வரை போனால் தொல்லை இல்லை. மேட்டின் பாதியில் அது 126 ஆகிறது என்று வையுங்கள். இனி ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு, காது பொத்திய நேரத்தில் விழும். கருவிக்கு அது கேட்காது. 120-ல் ஓடிக்கொண்டிருந்த கீழ் அறை, ஒரே நொடியில் 63-க்கு இறங்கிவிடும். உடம்பு அதிக ரத்தம் கேட்கும் நேரத்தில் பாதிதான் வருகிறது. கால் துவளாமல் என்ன செய்யும்? கேட்கப்படாத அந்தத் துடிப்பின்போது கீழே வால்வு மூடியிருக்கும். மேல் அறை மூடிய கதவில் மோதி, ரத்தம் கழுத்து ரத்தக்குழாய்க்குத் திரும்புகிறது. நீங்கள் சொன்ன திக்திக் அதுவாக இருக்கலாம். நின்றால் மேல் அறையின் வேகம் 120-க்குக் கீழே வரும், கருவிக்கு மறுபடி எல்லாம் கேட்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்தில் சரியாகிறது.

கடிதத்தை வைத்து இதுதான் என்று நான் முடிவு கட்டக் கூடாது. ஆனால் ‘திடீரென்று’, ‘பாதி வழியில்’, ‘நின்றால் சரி’ என்ற மூன்றும் சேர்ந்து வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வயதினால் வரும் களைப்பு படிப்படியாக ஏறும், இப்படி வெட்டினாற்போல் வராது.

வீட்டிலேயே ஒரு சாட்சி சேர்க்கலாம். மகனையோ பேரப்பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வழக்கம்போல் மேட்டில் ஏறுங்கள், வலிந்து வேகமாக வேண்டாம். நாடியைப் பிடிக்க முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்: கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கைப்பேசியில் 30 நொடி ஓடவிட்டு எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். கால் துவளும் அந்த நொடியில் அப்படியே நின்று எண்ணுங்கள். நடந்து வந்த களைப்பில் 110, 120 என்று இருக்க வேண்டிய நாடி 60-ஐ ஒட்டி இருந்தால், பாதி வேலை முடிந்தது. பிரஷர் மெஷின் காட்டும் நாடியை இதற்கு நம்ப வேண்டாம். துடிப்பு முன்பின்னாக வந்தால் அது குறைத்துக் காட்டும், அதற்குள் நேரமும் கடந்துவிடும். நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ இந்தச் சோதனையே வேண்டாம், உட்கார்ந்துவிடுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியது இதுதான்: “மேட்டில் ஏறும்போது நாடி திடீரென்று பாதியாகிறது. உச்ச வேகம் 120 எனக்குப் போதுமா? காது பொத்தும் நேரத்தைக் குறைக்க முடியுமா? நடக்க வைத்துப் பார்க்க முடியுமா?” நோயாளி நடந்துகொண்டிருக்கும்போதே ஈசிஜி பார்க்கலாம், டிரெட்மில்லில் ஏற்றலாம், ஒன்றுமில்லாவிட்டால் மாடிப்படி ஏற்றி இறக்கி உடனே பார்க்கலாம். கருவிக்குள் ‘ஹிஸ்டோகிராம்’ என்று ஒரு தூண் படமும் இருக்கும். கடந்த மாதங்களில் இதயம் எந்தெந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று அது காட்டும். மேல் அறையின் தூண்கள் 120-ஐத் தாண்டிப் போயிருந்து, கீழ் அறையின் தூண்கள் 120-ல் மதில் வைத்தாற்போல் நின்றிருந்தால், உங்கள் வார்த்தைக்குக் கருவியே சாட்சி. திருத்துவதற்குக் கத்தி வேண்டாம். பொறுக்கும் நேரத்தையும் காது பொத்தும் நேரத்தையும் குறைத்து, உச்ச வேகத்தை 140, 150 என்று ஏற்றலாம். சட்டைக்கு மேலேயே செய்கிற சில நிமிட வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் வேண்டுமென்றே உச்சத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

எக்கோ ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்றும் பாருங்கள். வலது கீழ் அறையிலிருந்தே 99% துடிக்க வைத்தால், ஒரு சிலருக்கு மாதங்களிலோ வருடங்களிலோ இதயத்தின் பம்ப் சக்தி குறையும். இடது பக்கம் சற்றுத் தாமதமாகத் துடிப்பதுதான் காரணம். அந்தச் சக்தி வழக்கமாக 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 50-க்குக் கீழே இறங்கியிருந்தால் வயரின் இடத்தை மாற்றுவது, மூன்றாவது வயர் சேர்ப்பது போன்ற வழிகள் உண்டு. ரத்தச்சோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தச் சோதனை போதும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

(இதைப் படிக்கும் வேறு சிலருக்குப் புத்தகத்தில் ‘விவிஐ’ என்று இருக்கலாம். ஒரே வயர், கீழ் அறையில் மட்டும். மேல் அறை நன்றாகத் துடிப்பவருக்கு இதனால் இரண்டு அறையும் ஒன்றோடொன்று மோதி, உட்கார்ந்திருக்கும்போதே கழுத்தடிப்பும் தலைசுற்றலும் வரலாம். பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்பார்கள். கருவி துடிக்க வைக்கும்போது பிரஷர் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குகிறதா என்று பார்த்தால் தெரியும்.)

இனி, கேட்கும் டாக்டரைப் பற்றி. அதற்கு முன் ‘மயக்கம்’ என்ற நம் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலை சுற்றினாலும் மயக்கம் என்போம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். கூட வந்த பிள்ளையோ, மிஸ்ஸி என்கிற நர்ஸோ அதை ‘பெனிங்’ என்று மலாயில் சொல்லிவிடுவார்கள். டாக்டர் காதில் விழுவது வெறும் தலைசுற்றல். பிரஷர் பார்த்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்புவார். விழுந்திருந்தால் ‘பெங்சான்’ என்றே சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் ‘செம்புட்’. உங்கள் விஷயத்தில் இரண்டுமே முழுதாகப் பொருந்தாது, அதனால் நடந்ததைச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம் ஏறினேன், எந்த இடத்தில் நின்றேன், நாடி எத்தனை, எவ்வளவு நேரத்தில் சரியானது. தேதியும் மணியும் போட்டு மூன்று நாலு தடவை நடந்ததை அரைத் தாளில், முடிந்தால் மலாயிலேயே எழுதி, அறைக்குள் போனதும் முதலில் அதை நீட்டுங்கள். வரிசை நீளமான நாளில் டாக்டருக்குச் சில நிமிடம்தான் இருக்கும். அவர் கணினிப் பக்கம் திரும்புவதற்கு முன் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் டாக்டரை நாமே தேர்ந்தெடுப்பது கஷ்டம், ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ஆனால் ‘பாக்கார்’, அதாவது நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. புரோகிராமர், அதாவது அளவுகளைப் படித்து மாற்றும் மெஷினைக் கருவியின் மேல் வைத்துச் சோதிக்கும் டெக்னீஷியனிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். அளவுகளை அன்றாடம் கையில் வைத்துப் பார்ப்பவர் அவர்தான், டாக்டரிடம் எடுத்துச் சொல்ல முடியும். இரண்டு தடவை முயன்றும் நடக்கவில்லையென்றால், உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்த்து, வேறு இதய மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அடுத்த சோதனை 12 மாதம் கழித்து என்று போட்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். தொல்லை இல்லாதவருக்குத்தான் 6 முதல் 12 மாத இடைவெளி.

நல்ல டாக்டரை அடையாளம் காண்பது சுலபம். ‘என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது?’ என்று கேட்பார். கழுத்தைப் பார்ப்பார். எழுந்து நடக்கச் சொல்வார். ஓர் அளவை மாற்றிவிட்டு, ‘ஒரு மாதம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்’ என்பார். ஒரே நாளில் நாலு அளவை மாற்றிவிட்டால் எதனால் குணமானது என்று பிறகு யாருக்கும் தெரியாது. சிரித்துப் பேசுகிறாரா என்பதை வைத்து எடை போடாதீர்கள். முகம் கொடுத்துப் பேசாமலேயே சரியாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மாறிப் போகும்போது கருவி அட்டை, கடைசிச் சோதனையின் பிரிண்ட் அவுட், எக்கோ அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, நாலின் நகலும் கையில் இருக்கட்டும். ஒரு கம்பெனியின் புரோகிராமர் இன்னொரு கம்பெனிக் கருவியைப் படிக்காது. மெட்ரானிக் கருவிக்கு மெட்ரானிக் புரோகிராமர், பயோட்ரானிக் கருவிக்கு அதனுடையது. அதனால் போகுமுன் போன் செய்து, அட்டையில் உள்ள கம்பெனிப் பெயரைச் சொல்லி, ‘இதைச் சோதிக்கும் புரோகிராமர் அன்றைக்கு இருக்குமா?’ என்று கேளுங்கள். சிறிய தனியார் மருத்துவமனைகளில் கம்பெனி ஆள்தான் அதைத் தூக்கிக்கொண்டு வருவார், முன்கூட்டிச் சொன்னால்தான் வருவார். இதைக் கேட்காமல் போய், டாக்டரைப் பார்க்கக் காசும் கட்டி, ‘எங்களிடம் இல்லை’ என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

மருந்து அடிக்கும் வேலைக்கு மறுபடி போக வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். 16 லிட்டர் பம்ப் என்றால் தண்ணீரே 16 கிலோ. இடது தோள்பட்டை வார் கருவி பதித்த இடத்தின் மேலேயே அழுத்தும். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் மெல்லிய சதைதான். நாள் முழுக்க அழுத்தி உராய்ந்தால் தோல் மெலிந்து, கருவியின் மூலை வெளியே தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான பம்புகளில் அடிக்கிற கைப்பிடி இடது கைக்கு வருகிறது. ஓயாமல் அடிக்கும்போது வயர் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் நசுங்கி நசுங்கி, நாளடைவில் ஒடியலாம். நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. உங்களுக்கு 99% கருவியின் துடிப்பு என்பதால், வயர் ஒடிந்தால் மறுபடி லயத்தில் விழுந்த நிலைதான். டாக்டரிடம் ‘லைட் டூட்டி’ கடிதம் வாங்கும்போது ‘கனமான வேலை கூடாது’ என்று பொதுவாக எழுதினால் தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கும் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் புரியாது. ‘தோளில் வார் போட்டுச் சுமக்கும் வேலையும், கையைத் தோளுக்கு மேல் தூக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும் கூடாது’ என்று எழுதச் சொல்லுங்கள். உதிரிப்பழம் பொறுக்கலாம், ஆனால் நிறைந்த சாக்கை வேறு யாராவது தூக்கட்டும். நர்சரி வேலை கிடைத்தால் அதுவே நல்லது. அதற்காக இடது கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருக்கவும் கூடாது, தோள் இறுகிவிடும். தலை வாருவது, கொடியில் துணி போடுவது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கருவிக்கும் அடுப்புக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். நீட்டிய கையால் கிண்டலாம். குனிந்து மோந்து பார்க்கும்போதுதான் நெஞ்சு கிட்டே போகும். கேஸ் அடுப்பே பழக்கம் என்றால் அதிலேயே சமையுங்கள். கைப்பேசி 15 சென்டிமீட்டர் தள்ளி, வலது காதில். ஜாக்கெட்டுக்குள் செருகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். புல் வெட்டும் மெஷினின் என்ஜினுக்கு 30 சென்டிமீட்டர். மின் வேலியில் கை வைக்கவோ சாயவோ கூடாது. பழைய லயங்களில் வாஷிங் மெஷினைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும், ‘லேசாத்தான் இழுக்குது’ என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கசிவைக் கருவி இதயத் துடிப்பு என்று எண்ணித் தன் துடிப்பை நிறுத்திவைக்கக் கூடும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரி செய்யும் வரை தொடாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ‘டிடிடிஆர்’ என்று கடைசியில் ‘ஆர்’ இருந்தால், உடம்பு குலுங்குவதை வைத்து வேகத்தை ஏற்றும் சென்சார் ஓடுகிறது என்று அர்த்தம். செம்மண் ரோட்டில் பின்னால் உட்கார்ந்து குலுங்கிப் போனால், சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஆபத்தில்லை, தொல்லையாக இருந்தால் சென்சாரின் கூர்மையைக் குறைக்கலாம்.

கருவி பதித்த இடத்தைக் குளிக்கும்போது தினமும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, நீர் கசிவு, தோல் பளபளவென்று மெலிவது, இதில் ஒன்று தெரிந்தாலும் பேஸ்மேக்கர் கிளினிக்குக்கு அன்றே போங்கள். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட வேண்டாம். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு நீரை உறிஞ்சவும் விடாதீர்கள், அந்த ஊசி வழியாகவே கிருமி உள்ளே போகும். கிருமி பிடித்துவிட்டால் மாத்திரையால் தீராது, கருவி, வயர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் ‘எனக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது’ என்று சொல்லி, மாத்திரை தொடங்குமுன் ரத்தத்தில் கிருமிச் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். விக்கல் நிற்காமல் நாடியோடு சேர்ந்து வந்தால் வயர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசையை, அதாவது உதரவிதானத்தைத் தூண்டுகிறதாக இருக்கலாம். அதையும் சொல்ல வேண்டும். மறுபடி விழுந்தால் 999.

பேட்டரி தீர்ந்தால் ஆள் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே கருவி அறிவிப்புக் கொடுக்கும். அதைப் பார்ப்பதற்குத்தான் சோதனைக்குத் தவறாமல் போவது. 1958-ல் சுவீடனில் உடம்புக்குள் பதித்த முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரமே ஓடியது. அதை வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன், 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 86 வயது வரை, 2001 வரை இருந்தார்.

பால்குடம் எடுங்கள். கையைத் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு முதல் ஆறு வாரத்துக்குத்தான், உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. பித்தளைக் குடத்தால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டி நிற்காதீர்கள், அதற்குள் காந்தம் இருக்கிறது. அலகு குத்துவது மட்டும் வேண்டாம். நாக்கிலும் கன்னத்திலும் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் வயரில் போய் ஒட்டக்கூடும். சித்திரை வெயிலில் வெறும் வயிற்றோடு நடக்காமல், விரதம் என்றாலும் இளநீராவது குடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அளவுகளை மாற்றிக்கொண்டு, குடம் இல்லாமல் ஒரு நாள் அந்த மேட்டில் ஏறி, நின்ற இடத்தில் நாடியை எண்ணிப் பாருங்கள்.